வில்லியனூர் மண்ணும் பாகூர்ச் செப்பேடும்

புதுவைக்குச் செல்லும் நம் குடும்பத்தினர் பலர், கடற்கரைச் சாலையில் உலாவி, பிரெஞ்சுக்காரர் அமைத்த நேர்த்தெருக்களைப் பார்த்துவிட்டு மாலைப் பேருந்திலேயே ஊர் திரும்பிவிடுகின்றனர். நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் வயலும் ஏரியுமாக விரிந்து கிடக்கும் கொம்யூன்களை அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. புதுவைப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற சொல்; நம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத்துக்கு ஏறத்தாழ இணையானது.

இவற்றுள் வில்லியனூருக்கும் பாகூருக்கும் சென்று வரத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம் காலத்துக் கல்வி பல துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. வேதியியல் படித்தவருக்கு வரலாறு தெரிவதில்லை. வரலாறு படித்தவர் மண்ணின் இயல்பை அறிவதில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரிவதுமில்லை. ஆனால் ஒரு கலைப்பொருளை நடுவில் வைத்துவிட்டால், இவர்கள் அனைவரும் அதனைச் சுற்றி அமர்ந்து பேசியாக வேண்டியிருக்கிறது. எந்த ஒரு துறையும் தனியாக நின்று அப்பொருளுக்கு முழு விடை சொல்லிவிட முடியாது என்பதே காரணம். இதற்கு இவ்விரு ஊர்களும் அவற்றின் சுற்றுப்புறமும் கண்கண்ட சான்றுகளாக விளங்குகின்றன.

வில்லியனூர் புதுவையிலிருந்து மேற்கே சுமார் பத்துக் கிலோ மீட்டர். விழுப்புரம் செல்லும் இரயில் பாதையில் நிலையமும் உண்டு. திருக்காமீசுவரர் கோயிலும், லூர்து அன்னை ஆலயமும், பக்கத்திலேயே முஸ்லிம்கள் திரளாக வாழும் சுல்தான்பேட்டையும் என மூன்று சமயத்தாரும் நெருங்கி வாழும் பகுதி இது. சுல்தான்பேட்டைப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், வெயில் தாழ்வதற்குள் மண்பாண்டம் வனையும் தெருக்களைப் பார்த்துவிடலாம்.

வில்லியனூரின் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றது. இவ்வூர்ச் சுடுமண் சிற்பக் கலைஞர் முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. வழிவழியாகப் பானை வனைந்த குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர் அவர். இவ்வளவு சிறப்பிருந்தும், தெருவில் நாம் காண்பது எளிய காட்சிதான். திண்ணையோரம் காயும் சட்டிகள், வைக்கோல் போர், தார்ப்பாயால் மூடிய களிமண் குவியல். அங்கே சக்கரத்தருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், என் தொப்பியைப் பார்த்து, "வாங்க பாய், இப்படி நிழல்ல உக்காருங்க" என்று இடம் விட்டார். களிமண்ணில் ஆற்று மணலைத் தூவிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான் அவர் பேரன். மணல் எதற்கு என்று கேட்டேன். "வெறுங் களிமண்ணு சூளையில நிக்காது பாய், வெடிச்சிரும்" என்றார்.

இந்த ஒரு வரிக்குள் எத்தனை துறைகள் அடங்கியிருக்கின்றன! களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றுக்கிடையே நீர் சிக்கிக்கொள்ளும். சூடேறும்போது அந்நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கலத்தைப் பிளந்துவிடும். மணல் வழி திறந்து விடுகிறது. அந்த மணலிலோ மற்றோர் ஆபத்து உண்டு. மணலில் உள்ள படிகக்கல் 573 பாகை வெப்பத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென விரியும்; ஆறும்போது அதே பாகையில் சுருங்கும். ஆகவே அந்த எல்லையை மெதுவாகக் கடக்க வேண்டும். இது பொருளறிவியலார் கருவிகொண்டு அளந்து சொன்னது. முதியவருக்கு 573 என்ற எண் தெரியாது. வெண்புகை அடங்கும் வரை தீயைக் கூட்டக்கூடாது, சூளையை மறுநாள் ஆறவிட்டே பிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். எண்ணை அறிந்தவரோ புகையின் நிறம் பார்த்துச் சூளை எரிக்கத் தெரியாதவர். இவ்விருவரையும் ஒரே திண்ணையில் அமர்த்தினால் இருவருமே கற்றுக்கொள்வர்.

நிறமும் அப்படித்தான். காற்றைத் தாராளமாக விட்டுச் சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. வாயை மூடிப் புகைய விட்டால் அதே மண் கறுக்கிறது. நோன்பு திறக்கும் வேளையில் நம் தாகம் தணிக்கும் பானைத் தண்ணீர் குளிர்வதும், கலத்தின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதாலன்றோ? அழகுக்காக வாங்கிவரும் பூச்சட்டி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அரை நாள் பாடம் நடத்தலாம்.

வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்குமிடத்தில் கிளை பிரிகிறது. அக்கிளையான அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் அங்கு அகழ்வு நடத்தினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகர்ச் செந்நிறக் கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அக்கலங்களின் காலம் ஐரோப்பாவில் திட்டமாகத் தெரிந்திருந்ததால், தென்னாட்டு வரலாற்றுக்கே அவை காலக்கணக்கின் முளையாயின. வணிகக் கப்பலில் வந்து உடைந்துபோன சாப்பாட்டுத் தட்டு, வரலாற்றாசிரியர்களின் நெடுநாள் வழக்குக்குச் சாட்சி சொன்னது.

அங்கே கிடைத்த வேறொரு வகைக் கலம் இன்னும் சுவையான விவாதத்தை எழுப்பிற்று. உள்ளடியில் நுண்ணிய பற்கோடுகளை வட்ட வட்டமாக இழைத்த மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகள் அவை. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என வீலர் கருதினார். பின்னர் 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி முதலானோர், இவை இந்தியாவில் வனையப்பட்டவையே என்று வாதிட்டனர். 1990-களில் கோக்டே என்னும் இந்திய அறிவியலார் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அம்மண்ணின் கனிமங்களை ஆராய்ந்து, வங்காளக் கரையோர மண்ணோடு அது ஒத்திருப்பதாக 1997-இல் எழுதினார். அந்தக் கோடுகள் பற்களுடைய சிறு உருளையால் இடப்பட்டனவா, அல்லது சுழலும் கலத்தின் மீது மெல்லிய தகட்டை அதிர விட்டு இழைக்கப்பட்டனவா என்பது மற்றொரு விவாதம். இதைத் தீர்க்க எத்துணைப் பெரிய ஆய்வுக்கூடமும் போதாது. சக்கரத்தின் முன் அமர்ந்து கை பழகிய ஒருவர் வேண்டும். கலை வரலாறும் கனிமவியலும் வணிக வரலாறும் ஓர் ஓட்டுத் துண்டைச் சுற்றிக் கூடின. அவையில் காலியாக இருந்த ஓரிருக்கை குயவருடையது என்றே நான் எண்ணுகிறேன்.

குயவருக்கும் இருக்கை போட்ட முயற்சிகள் இல்லாமலில்லை. ஈரான் நாட்டுக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி (1936–2008), தம் நாட்டுச் சிற்றூர்களின் மண் வீடுகள் மழையிலும் நிலநடுக்கத்திலும் இடிவதைக் கண்டு வருந்தியவர். சட்டியைச் சுடுவதுபோல வீட்டையே சுட்டால் என்ன என்று 1970-களில் அவர் கேட்டார். வளைவுக் கூரையுள்ள மண் வீடுகளின் உள்ளே தீயிட்டுச் சுட்டும் காட்டினார். இச்சிந்தனை புதுவைக்கும் வந்தது. 1971-ஆம் ஆண்டு முதல் புதுவையில் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்பாண்டப் பட்டறையை நடத்திவந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவருள், மீக்கர் கட்டடக் கலையும் பயின்றவர். 1980-களில் அவர் இம்முறையைக் கையாண்டு, ஆரோவில் முதலிய இடங்களில் வீடுகள் கட்டினார். பச்சைச் செங்கல்லால் வீட்டை எழுப்பி, உள்ளே விற்பனைக்குரிய செங்கல்லையும் ஓட்டையும் கலங்களையும் அடுக்கி, நாட்கணக்கில் எரிப்பார்கள். வீடே சூளையாகும், சூளையே வீடாகும். உள்ளே வெந்த சரக்கை விற்று எரிபொருள் செலவை ஈடுசெய்யலாம் என்பது கணக்கு. இங்கே குயவரும் கொத்தனாரும் பொறியாளரும் பொருளியலாரும் ஒரே கணக்கில் தலை கவிழ்ந்தனர். எரிபொருளுக்கு மரம் வெட்டுவது தகுமா என்று சூழலியலாரும் கேட்டனர். இம்முறை பெருகிப் பரவவில்லை என்பது உண்மை. ஆனால் வீடு பரவாவிட்டாலும் கேள்வி பரவியது; இதுவும் சிறிய பயனன்று.

கைவினைஞரும் கணிதரும் ஒரே அவையில் கூடியதற்கு நம் முன்னோரிடத்திலேயே ஓர் அருமையான செய்தி உண்டு. குராசானைச் சேர்ந்த பூஸ்ஜான் என்ற ஊரில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல் பூஸ்ஜானி (940–998) முக்கோணவியலில் பெரும்புகழ் பெற்றவர். கைவினைஞருக்குத் தேவைப்படும் வடிவ கணிதம் பற்றித் தனியே நூல் செய்தார். ஓடு பதிப்போரும் கணித அறிஞரும் சந்தித்த கூட்டங்களைப் பற்றி அதில் குறிப்பிடுகிறார். அங்கு எழுந்த கேள்வி இது: அளவொத்த மூன்று சதுரங்களை வெட்டி ஒரே பெரிய சதுரமாக்குவது எப்படி?

கணிதர்கள் கோடு போட்டு நீளத்தைச் சொல்லிவிட்டார்கள். ஓட்டை எப்படி வெட்டுவது என்று சொல்லவில்லை. ஓடு பதிப்போர் வெட்டிக் காட்டினார்கள். கண்ணுக்குப் பொருந்திற்று, கணக்குக்குப் பொருந்தவில்லை. இரு தரப்பாரின் குறையையும் அபுல் வஃபா எடுத்துக்காட்டித் தாமே ஒரு வழி சொன்னார். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றை வெட்டாத மூன்றாம் சதுரத்தின் நான்கு பக்கமும் காற்றாடி இறக்கைபோல் பொருத்தி, வெளி முனைகளை நேர்கோட்டால் இணைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை வெட்டிப் பள்ளத்தில் வைத்தால் பெரிய சதுரம் பிசகின்றி அமையும். வீட்டில் அட்டையை வெட்டிப் பாருங்கள். பிள்ளைகள் உங்களை விட்டு நகரமாட்டார்கள்.

அந்த மரபின் கைவரிசை இன்றும் அறிவியலாரைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறது. இஸ்ஃபஹானில் 1453-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தர்பே இமாம் கட்டடத்தின் ஓட்டு வேலைப்பாட்டில், திரும்பத் திரும்ப ஒரே அச்சாக வராத ஓர் ஒழுங்கு இருப்பதைப் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் இயற்பியலார் 2007-இல் எடுத்துக்காட்டினர். அத்தகைய ஒழுங்கு உலோகப் படிகங்களிலும் உண்டு என்று 1982-இல் கண்ட டான் ஷெக்ட்மன், 2011-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். சுவரைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்த உரையாடல் பிறந்திராது.

இந்த நினைவோடு பாகூர் செல்ல வேண்டும். புதுவைக்குத் தெற்கே இருபது கிலோ மீட்டர் அளவில், தென்பெண்ணைப் பாசனத்தில் பச்சைப் பசேலென்று கிடக்கும் ஊர் அது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று அதனைச் சொல்வர். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் பாகூர் ஏரியே இப்பகுதியில் பெரிது. ஏரியை அடுத்த ஊரில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள மூலநாதர் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களிலும் அடித்தளத்திலும் சோழர் காலத்தும், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தும் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன.

ஆயினும் பாகூரை உலகறியச் செய்தவை 1879-ஆம் ஆண்டு கிடைத்த செப்பேடுகளே. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 877-இல், வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் இறையிலியாக விடப்பட்டதை அவை கூறுகின்றன. நான்கு வேதங்கள், இலக்கணமும் யாப்பும் வானநூலும் அடங்கிய ஆறு அங்கங்கள், மீமாம்சை, நியாயம், தருமசாத்திரம், புராணம் எனப் பதினான்கு கலைகளும் அங்கு ஒரே கூரையின் கீழ்ப் பயிலப்பட்டன. வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திருபுவனையில் 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த மற்றொரு கல்லூரியைச் சொல்கிறது. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இரண்டு பெருங்கல்விச்சாலைகள்!

பெருமிதத்தோடு ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்பதினான்கில் ஒன்றுகூடக் கைத்தொழில் அன்று. வயலில் உழுதவனுக்கும் பானை வனைந்தவனுக்கும் அக்கல்விச்சாலையில் பாய் விரிக்கப்படவில்லை. அது அந்தணர் கல்விக்கென ஏற்பட்டது. எனினும் அக்கொடை நிலைக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் அதைச் செப்பில் வெட்டியாக வேண்டும். பாட்டியற்றிய புலவரோடு, எழுத்தைப் பொறித்த காஞ்சிபுரத்துப் பொற்கொல்லரும் தம் பெயரைப் பதித்துச் சென்றிருக்கிறார். பதினான்கு கலைகளையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் சுமந்து வந்தது, பட்டியலில் இல்லாத பதினைந்தாவது கலை.

இன்று அச்செப்பேட்டையும் அக்கோயிலையும் படிப்பதற்கு எத்தனை பேர் தேவைப்படுகின்றனர் என்று பாருங்கள். எழுத்தின் வடிவைக் கொண்டு காலம் சொல்ல ஒருவர், மொழிக்கு ஒருவர், நில அளவைக்கு ஒருவர், ஏரிக்கு விடப்பட்ட கொடையைப் பாசன அறிவோடு விளக்க ஒருவர், சிற்பத்தின் நடையைக் கண்டு சொல்ல ஒருவர். இவர்கள் சந்திக்கும் இடங்களில் ஒன்று, 1955-இல் புதுவையில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். இந்தியவியலார், சூழலியலார், சமூகவியலார் மூவரும் அங்கு ஒரே வளாகத்தில் பணிபுரிகின்றனர். தென்னகக் கோயில்களின் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களும் அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. ஆனால் இக்கதையில் என் மனத்தைக் கவர்ந்தவர் பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி. அவர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய புதுவைக் கல்வெட்டுகளை, விஜயவேணுகோபால் பதிப்பிக்க, அந்நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து 2006-இல் முதற்பகுதியாக வெளியிட்டன. சொந்த ஊர்க் கல்லின் மீதிருந்த காதல், ஓர் உள்ளூர்ப் புலவரை உலக அறிஞரின் மேசைக்குக் கொண்டு சேர்த்தது.

வில்லியனூர் முதியவருக்கு அந்த மேசை இன்னும் எட்டவில்லை. அவர் குறை இரண்டே. ஒன்று, ஏரி மண் எடுக்க அனுமதி பெறுவது வரவர அரிதாகிறது. மற்றொன்று, பேரன் சக்கரத்தில் நிலைப்பானா என்பது தெரியவில்லை. முதற்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளைக் காப்பது கடமை. வண்டல் அகற்றாத ஏரி மேடிட்டுப் போவதும் உண்மை. எந்த ஏரியில், எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் மண் எடுத்தால் பறவைக்கும் பாசனத்துக்கும் சூளைக்கும் கேடில்லை என்பதை அதிகாரி ஒருவர் கோப்பில் எழுதித் தீர்க்க முடியுமா? பறவையறிஞரும் நீரியலாரும் குயவரும் ஒரே வரப்பில் நின்று பேச வேண்டிய கேள்வி இது. நாழி கடந்தால், கேட்பதற்குக் குயவர் இருக்கமாட்டார்.

இரண்டாம் குறை நம் வீட்டுக்கும் உரியது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே, மதிப்பெண் மிகுந்தால் மருத்துவம் அல்லது பொறியியல், குறைந்தால் கலைப்பிரிவு என்று பிள்ளைகளைப் பங்கு போட்டுவிடுகிறோம். கலை என்பது மீந்தவர்க்கு விட்ட திண்ணை என்ற எண்ணம் அப்போதே அவர்கள் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. வரைவதில் நாட்டமுள்ள பெண்ணையும், கணக்கில் கெட்டிக்காரனான அவள் தம்பியையும் ஒன்றாக வில்லியனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே சூளையைப் பார்த்து இருவரும் வெவ்வேறு கேள்வி கேட்பார்கள். ஒருவர் கேள்விக்கு மற்றவர் விடை சொல்லத் தொடங்கும்போது பெரியவர்கள் குறுக்கே பேசாதிருப்பது நல்லது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழையால் கலங்கள் காய்வதில்லை. சூளையைப் பார்க்க விரும்புவோர் தை பிறந்த பின் செல்லலாம். குளிர்காலத்தில் பாகூர் ஏரிக்கும் ஊசுட்டேரிக்கும் வலசைப் பறவைகள் வருவதால் தை, மாசி இரண்டும் தகுந்த மாதங்கள். புதுவைப் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு ஊர்களுக்கும் நாள் முழுதும் பேருந்துகள் உண்டு. காலையில் பாகூர், பிற்பகலில் வில்லியனூர் என்று வைத்துக்கொண்டால் மஃரிபுக்குள் நகருக்குத் திரும்பிவிடலாம். பானை வாங்குவோர் விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் மட்டும் வாங்குங்கள். ஒலி மங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு பகலும் ஓரிரவும் தண்ணீரில் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புழங்குங்கள். மறுநாள் பானையின் புறத்தே முத்து முத்தாக வியர்த்திருக்கும்.